நடவடிக்கை எடுக்கப்பட்ட சந்தோஷங்கள்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதும் கடிதம். நீயும் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நாங்களும் அவ்வாறே இருக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும்; எழுதிவிட்டேன். அது வழக்கத்துக்காக எழுதியது. உள்ளதைச் சொல்வதென்றால், உன் தம்பி மனைவி சிரித்து இன்றோடு பதினாறு நாளாகிறது. பேசுகிறாள், சமைக்கிறாள், வேலைக்குப் போய் வருகிறாள், கேட்காமலேயே என் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்தாள். சிரிப்பு மட்டும் இல்லை. இதற்கு முழுப் பொறுப்பும் உன்னுடையது என்று நான் சொல்ல வரவில்லை. பாதிப் பொறுப்பு உன்னுடையது. மீதியில் ஒரு பங்கு எங்கள் அலுவலகத்துப் பதிவேட்டைச் சேரும். எஞ்சியதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் நீ எழுதியது உனக்கு நினைவிருக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது என் மேசை மேல்தான் இருக்கிறது. அதற்கு முன்பு நான் உனக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தேன். என் முழங்கால், என் மேலதிகாரி, எங்கள் வீட்டுக் குழாயில் ஏறாத தண்ணீர், குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் வீட்டுக்கே தண்ணீர் வரவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் கேலி செய்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல். நீ ஒரே பக்கத்தில் பதில் போட்டாய். “தம்பி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். பெரிய சந்தோஷம் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதே. தினமும் கண்ணில் படுகிற சின்னச் சின்னச் சந்தோஷத்தைக் கவனி. ஒரு நோட்டில் எழுதி வை. வீட்டுக்குள் ஆபீஸ் புலம்பலை நிறுத்து, அவள் பாவம்.” இதை உன்னோடு காலையில் நடக்கிறவர்களில் யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த யாரோ யார் என்று தெரிந்தால் விலாசம் அனுப்பு. அவருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா, எதையும் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் முப்பத்தொரு வருடமாகப் புகார்ப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் முழங்கையை ஊன்றி ஊன்றி, பலகையில் பெயின்ட் போய், மரமும் தேய்ந்து, இரண்டு குழி விழுந்திருக்கிறது. இந்தப் பக்கம் என் முழங்கைக்கும் இரண்டு குழி. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விதி. ஒரு விஷயத்துக்கு வரிசை எண் கொடுத்துவிட்டால் ஏழு நாளுக்குள் அதன் மேல் ஏதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும். எடுத்த நடவடிக்கை சரியா தப்பா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால்தான் கேட்பார்கள். கேட்பவர் எங்கள் கண்காணிப்பாளர். எட்டாம் நாள் காலையில் மேசை மேல் “நினைவூட்டு” என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டு இருக்கும். அதனால் அவருக்கே நினைவூட்டு என்று பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயர் அவர் வீட்டிலாவது வழக்கத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டில் ஆபீஸ் பேச்சை அன்றே நிறுத்திவிட்டேன். நீ நோட்டு என்று எழுதியிருந்தாய். எனக்குக் கட்டம் போடாத காகிதத்தில் எழுத வராது. அலமாரியில் ஒரு பழைய புகார்ப் பதிவேடு கிடந்தது. மேலே குழாய் ஒழுகி அட்டை ஊறிப்போனதால் ஒதுக்கி வைத்தது. குடிநீர் அலுவலகத்துக்குள் குழாய் ஒழுகினால் அதை எங்கே போய்ப் புகார் செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டுத்தான் எடுத்து வந்தேன். உள்ளே முப்பது பக்கம் நன்றாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு அச்சடித்திருக்கும்: வரிசை எண், தேதி, புகார் விவரம், இடம், எடுத்த நடவடிக்கை. முதல் பக்கத்தில் “புகார்” என்பதை அடித்துவிட்டு மேலே “சந்தோஷ” என்று எழுதினேன். முதல் பக்கத்தில் மட்டும். இதை நீ மனதில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

முதல் நாளே ஒன்று அகப்பட்டது. நான் போவது ஏழே முக்கால் பஸ். தெருமுனையில் தபால் பெட்டியைத் தாண்டி நான் திரும்பும்போது பஸ் கிளம்பத் தயாராக இருக்கும். அந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் ஒரு துணியை எடுத்துப் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். நான் ஏறியதும் துணியை வைத்துவிடுவார். நாலு வருடமாக நடக்கிறது. கண்ணாடி அழுக்காக இருக்கிறது போலும் என்றுதான் நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் உற்றுப் பார்த்தேன், அழுக்கே இல்லை. அந்த மனிதர் எனக்காகத்தான் துடைக்கிறார். எனக்கு அன்று நாள் முழுக்க மனது நிறைந்திருந்தது. வந்து எழுதினேன். வரிசை எண் ஒன்று. எழுதிய பிறகு கடைசிக் கட்டம் காலியாக என்னைப் பார்த்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பஸ் நிர்வாகத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினேன். நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். தேதி, பஸ் எண், நிறுத்தம், காத்திருந்த நேரம் சராசரி இருபது விநாடி, நாலு வருடமாக.

அடுத்த வாரம் நான் தபால் பெட்டியைத் தாண்டும்போது டிரைவர் துணியை எடுக்கவில்லை. ஓடிப் போய் ஏறினேன். அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

“சார், நீங்க நல்லதுதான் நெனச்சு எழுதியிருப்பீங்க. நாலு வருஷமா தினமும் இருபது விநாடி ஏன் லேட்டுன்னு வெளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கு.”

“அய்யய்யோ. நான் வேணா இன்னொரு லெட்டர் எழுதறேன்.”

“வேணாம் சார். தயவுபண்ணி வேணாம். இனிமே நீங்க கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க, அது போதும்.”

சீக்கிரமாகப் போகலாம்தான். முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே. இப்போது தினமும் ஏழே முக்கால் பஸ்ஸின் முதுகைப் பார்த்துவிட்டு எட்டு மணி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். “எடுத்த நடவடிக்கை: கடிதம் அனுப்பப்பட்டது” என்று கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

இரண்டாவது எங்கள் மாடித் தையல்காரர். தலைக்கு மேலேதான் அவர் மிஷின் ஓடும். சாயங்காலம் மிஷின் ஓட ஓட அவர் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுப்பார். பாட்டு என்று சொல்ல முடியாது. மிஷின் நின்றால் அதுவும் நிற்கும், மிஷின் ஓடினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கேட்கக் கேட்க உடம்பில் இருக்கிற அசதியெல்லாம் கொஞ்சம் தளரும். பதிந்தேன். ஏழு நாளுக்குள் மேலே ஏறிப் போய் நேரிலேயே சொன்னேன். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை கை அளவு தப்பு, கழுத்து இறுக்கம் என்றுதான் ஆட்கள் படியேறி வந்தார்களாம். அவர் அதோடு விட்டிருக்கலாம். மறுநாளிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். முழுப் பாட்டு, சொற்களோடு. மிஷின் நின்றாலும் அவர் நிற்பதில்லை. ஒரு வரியை இரண்டு விதமாகப் பாடி, தலையை வெளியே நீட்டி, “சார், ரெண்டுல எது தேவலாம்?” என்று கேட்கிறார். நான் “முதல்ல பாடினது” என்று சொன்னால் அதையே மறுபடி பாடுகிறார். கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு புகார் எழுதினார்கள். அதை யாரிடம் கொடுத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. புகார் வாங்கத் தெரிந்தவன் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான்.

இந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அலுவலகத்திலேயே கண் முன்னால் ஒன்று நடந்தது. ஒரு தெருவிலிருந்து ஒரு அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு வாரமாக எங்கள் குழாயில் காலையில் தவறாமல் தண்ணீர் வருகிறது, மிக்க நன்றி, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்தில் எனக்கு வந்த முதல் நன்றிக் கடிதம். பிரித்து மூன்று முறை படித்தேன். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன், அவர் பின்பக்கத்தைத் திருப்பி வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். கடிதம் நினைவூட்டிடம் போனது.

“இதுல புகார் என்ன?” என்று கேட்டார்.

“புகார் இல்ல சார். தண்ணி வருதாம்.”

“ஏன் வருது?”

 வரிசை எண் போட்டாகிவிட்டதே, வால்வு திறக்கிற ஆளை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்துத் தெரு வால்வைத் தவறுதலாக இந்தத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது, சரி செய்துவிட்டேன் என்றார். இப்போது அந்த அம்மாள் வாரா வாரம் புகார் எழுதுகிறார். கையெழுத்து அதே அழகான கையெழுத்துதான். நன்றிக் கடிதத்தின் கதி இது என்று பார்த்த பிறகும் நான் வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன் பார், அதற்குத்தான் நான் பொறுப்பு ஏற்றுக்கொள்கிறேன் என்று தொடக்கத்திலேயே எழுதினேன்.

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், நாலு மணி வாக்கில் (விடுமுறை நாளில்தான் நான் பார்க்க முடியும்), ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழும். வெளியே நிற்கிற மரத்தின் இலைக்குள் புகுந்து வருவதால் சூடு இருக்காது, வெளிச்சம் மட்டும் இருக்கும். உன் தம்பி மனைவி டீயை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, காலை மட்டும் அந்த வெயிலில் நீட்டி வைத்துக்கொள்வாள். உனக்குத்தான் தெரியுமே, காலையிலிருந்து மதியம் வரை மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே வேலை. எந்த முகம் வந்தாலும் எந்த ஃபிரேம் போட்டாலும் “உங்களுக்கு நல்லா இருக்கு” என்று சொல்ல வேண்டிய வேலை. வீட்டுக்கு வரும்போது நல்ல வார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிருக்கும் என்பாள். அந்த ஐந்து நிமிடம் அவள் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் கால் விரல் வெயிலில் அசைவதைப் பார்த்தால் எனக்கே காலை நீட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அதையும் எழுதினேன். ஒரு முழ வெயில் போதாது என்று கட்டடத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி அந்தக் கிளையை வெட்டச் சொன்னேன். இப்போது பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கூடம் முழுக்க வெயில் கொளுத்துகிறது. தடித் துணியில் திரை தைத்து மாட்டியிருக்கிறாள். தைத்துக் கொடுத்தவர் மாடித் தையல்காரர். தைக்கும்போது பாடினார்.

முதல் பக்கம் இதோடு நிரம்பிவிட்டது. பக்கத்தைத் திருப்பினேன். தலைப்பைத் திருத்த மறந்தேன்.

அக்கா, இனி எழுதுவதுதான் விஷயம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் தங்கையிடமிருந்து போன் வரும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு ஆரம்பிக்கும். அந்தச் சிரிப்பு எப்படி என்றால், முதலில் சத்தமே வராது. பிறகு குளிர் காலத்தில் பழைய ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி இரண்டு இழுப்பு. மூன்றாவதில் கிளம்பிவிடும், பிறகு அவளே நினைத்தாலும் நிறுத்த முடியாது. என்னோடு பேசும்போது அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நான் ஒரே வரியில் நின்றிருப்பேன். எத்தனை வருடமாகக் கேட்கிறேன், அது எனக்குச் சந்தோஷம் என்று அதுவரை தோன்றியதே இல்லை. அந்தச் சத்தம் இருப்பதால்தான் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று எனக்குள் ஒரு அவசரம் இருந்திருக்கிறது. முழங்காலை இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியது அதற்காகத்தான் போலிருக்கிறது. இதையெல்லாம் நான் பதிவேட்டில் அப்படியே எழுதியிருந்தால் இன்று இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. கை பழகிய நடையில் எழுதிவிட்டேன். நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் கீழே தருகிறேன்.

“புகார் விவரம்: வீட்டில் உள்ளவர் மாலை ஆறு மணியளவில் சமையலறையில் தொலைபேசியில் உரக்கச் சிரிக்கிறார். கால அளவு பதினொரு நிமிடம். சுவரைத் தாண்டிக் கேட்கிறது. நாள்தோறும் நிகழ்கிறது. நடவடிக்கை: காரணம் குறித்து விசாரிக்க வேண்டும்.”

பதிவேட்டைச் சாப்பாட்டு மேசை மேல் திறந்தபடியே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனேன். கண்ணாடி அவள் கையில்தான் இருந்தது. கடைக்காரி அல்லவா, துடைத்துக்கொண்டிருந்தாள். கொடுக்க வந்தவள் மேசையைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. கண்ணாடியைப் பதிவேட்டின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் வந்தது. கதவைச் சாத்தவில்லை. “ம். சரி. சாப்பிட்டாச்சு. வெச்சுடறேன்.” அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே நாலு வார்த்தை. நான் முதலில் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். பிறகு இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்தேன். போன் கோளாறோ என்று எடுத்து ஆட்டியும் பார்த்தேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிடுகிறேன் அக்கா, அந்த அளவுக்கு வீடு அமைதி. ஆறாம் நாள் தாங்க முடியாமல் அலுவலகத்திலிருந்து தங்கைக்கே போன் செய்தேன்.

“என்னம்மா, உங்க அக்கா முன்ன மாதிரி பேசறதில்லையே. ஏதாவது சண்டையா?”

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தான். அக்கா சிரிக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு புகார் எழுதி வெச்சிருக்கீங்களாமே. நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே மெதுவா பேசியிருப்போம்.”

இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். காரணம் என்ன என்று நினைவூட்டு கேட்டார். “வீட்டுல ஒரு புகார் சார்” என்றேன். “பழசா, புதுசா?” என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் திரைக்குப் பின்னால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் முதல் பக்கத்தைக் காட்டினேன். அடித்துத் திருத்தியதைக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் திருத்த மறந்ததைச் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை.

“அது புகார் இல்ல. சத்தியமா அது சந்தோஷம்.”

“அப்ப எதுக்கு விசாரிக்கணும்னு எழுதியிருக்கீங்க?”

நான் பதிவேட்டை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். 

“கலியாணம் ஆன நாளா ஊர்ப் புகாரெல்லாம் உங்ககிட்ட வருது. அதை அப்படியே கொண்டுவந்து எங்கிட்ட சொல்றீங்க. நான் அதைக் கொண்டுபோய் எங்க வெக்கிறது? எனக்குன்னு இருந்தது அந்தப் பதினோரு நிமிஷம்தான்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அரிசியைப் பார்த்தபடி சொன்னாள். “அதுக்கும் ஒரு நம்பர் போட்டுட்டீங்க. சரி, விடுங்க. மணி பாத்தது தெரிஞ்ச பிறகு சிரிப்பு வரல. வரமாட்டேங்குது, நான் என்ன பண்றது.”

அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபித்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தால் சமாதானம் செய்யலாம். டிரைவருக்கு மெமோ, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போச்சு, அவளுக்கு அந்த ஒரு முழ வெயில் போச்சு, இதெல்லாம் போகட்டும். அந்தச் சிரிப்பு போனதிலிருந்து எனக்கு வீட்டுக்கு வரவே அசதியாக இருக்கிறது. பத்து நாளாகச் சிரிக்க வைக்க நானும் பார்க்கிறேன். வேடிக்கைத் துணுக்கு ஒன்றைப் பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டினேன். “நல்லா இருக்கு” என்றாள், கடையில் சொல்கிற அதே குரலில். ஆறு மணிக்கு நான் இல்லாமல் இருந்தால் சரியாகும் என்று தெருவில் சுற்றிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது, “எதுக்கு முழங்காலை வெச்சுக்கிட்டு சுத்தறீங்க” என்று தைலத்தை எடுத்து வைத்தாள். அன்பில் குறையே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் உன்னிடம் கேட்டுக்கொள்வது இது. உன் யோசனையை நீ முறைப்படி திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு கடிதம் போடு. அவளுக்குத் தனியாக இன்னொன்று எழுது. என் தம்பி முட்டாள், கெட்டவன் இல்லை என்று எழுது. நீ சொன்னால் நம்புவாள், முதல் பாதியை ஏற்கெனவே நம்புகிறாள். முடிந்தால் அத்தானிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் நேரிலேயே வா. உனக்கு மூன்று மாடி ஏற முடியுமா தெரியவில்லை, நடுவில் உட்காரத் தையல்காரர் நாற்காலி தருவார், ஆனால் பாடுவார். எப்படியாவது வா. எட்டு மாதத்தில் ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறேன். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? பதிவேட்டை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டேன். இனி எந்தச் சந்தோஷத்துக்கும் நான் எண் கொடுப்பதாக இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். இதை அவரிடம் படித்துக் காட்டுவதாக இருந்தால் மாத்திரை போட்ட பிறகு படித்துக் காட்டவும். நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் சிரித்துக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று சின்னவனாக இருந்தாலும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
புலம்பலுக்கு மன்னிப்புக் கோரும்
உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளதை ஞாயிறு மதியம் எழுதி முடித்தேன். உறையை ஒட்டலாம் என்று பார்த்தால் கோந்து காய்ந்துபோயிருந்தது. கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் கோந்து வாங்கப் போனேன். ஆமாம், அதே மேசை. திரும்பி வரும்போது ஆறு மணி தாண்டியிருக்கும். இரண்டாம் மாடி வளைவில் ஏதோ மாதிரி இருந்தது. மேலே தையல்காரர் மிஷினும் ஓடவில்லை, பாட்டும் இல்லை. முதலில் சத்தமே இல்லை. பிறகு இரண்டு இழுப்பு. அக்கா, நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தே இருந்தது. இந்தக் கடிதத்தைத்தான் தங்கைக்குப் போனில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் குரலிலேயே படித்தாள். மூக்கால் இழுத்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு பெருமூச்சு விட்டு, “ஏன் வருது?” என்று நினைவூட்டைப் போலவும் கேட்டு. இவ்வளவு துல்லியமாக ஒருவர் குரல் ஒரு நாளில் வராது, வருடக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சிரித்தது என் புகாருக்குத்தான். நான் கொண்டுவந்து கொட்டியதையெல்லாம் அவள் கொண்டுபோய் வைத்த இடம் அது.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?” என்றாள்.

“இப்பதான் வந்தேன்.”

“ஒரு மாசமா நீங்க ஆபீஸ் கதையே சொல்றதில்ல. நானும் பழசை வெச்சு கொஞ்ச நாள் ஓட்டினேன். அப்புறம் அதுவும் தீந்துபோச்சு, பதிவேடு வேற. தங்கச்சி கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?” என்றாள். பிறகு, “அந்தத் தெருவுக்குத் தண்ணி நின்னுபோனதை எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க” என்று உண்மையாகவே குறைப்பட்டுக்கொண்டாள்.

ஆகவே அக்கா, மேலே கேட்டுக்கொண்டது எதுவும் வேண்டாம். நீ வர வேண்டாம், அவளுக்கு எழுத வேண்டாம். யோசனையைத் திரும்பப் பெறுவதும் உன் இஷ்டம். இது நகல்தான். தங்கை நேரில் வரும்போது காட்ட வேண்டுமாம், அசலைத் தர மாட்டேன் என்கிறாள். நாளை திங்கள்கிழமை, நினைவூட்டு நிச்சயம் ஏதாவது செய்வார். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு ஆறு மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும். படியில் நிற்கும்போது கையில் கடிகாரம் இருந்தது. எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை. நீயும் கேட்காதே.